நீதிபதியின் மரணத்துக்கு யார் சாட்சி?

பெரும் பதவியில் இருந்த ஒருவர் முன்னறிவிப்பின்றி மாண்டுபோனால், அந்த மரணம் இன்ன காரணத்தால் நேர்ந்தது என்று யார் சொன்னால் ஜனங்கள் ஒப்புக்கொள்வார்கள் என்ற கேள்வி, நம் தேசத்தில் சாஸ்திரகாரர்களின் காலத்திலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. மருத்துவர்கள் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். போலீஸார் ஒரு விடை. சர்க்கார் அவ்வப்போது நியமித்த கமிஷன்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல விடைகள். இறந்தவர் ஒரு நீதிபதியாகவும், இறக்கும் சமயத்தில் அவர் கையில் இருந்த வழக்கு அதிகாரம் படைத்தவர்களைப் பற்றியதாகவும் அமைந்துவிட்டால், இந்தக் கேள்வி மேலும் சிக்கலாகிறது. ஏனெனில் அந்த மரணத்தை விசாரித்து முடிவு சொல்ல வேண்டியவர்களும் நீதிபதிகளே.

இக்கேள்வியின் பிரதான உதாரணம் நாகபுரியில் இருக்கிறது. ஆனால் அதனுடன் வைத்துப் பார்க்க வேண்டிய வேறு இரு விஷயங்கள் நம் நீலகிரி மலையிலேயே கிடைக்கின்றன: ஒன்று குன்னூருக்குக் கீழே நஞ்சப்பசத்திரத்தில், மற்றொன்று கோத்தகிரிக்கு அப்பால் கொடநாட்டில். மூன்றிலும் இறந்தவர்கள் வேறு, சூழ்நிலை வேறு. சந்தேகம் பிறந்து வளர்ந்த விதத்தில் மாத்திரம் ஓர் ஒற்றுமை உண்டு.

பழைய விடைகள்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நான்காம் அதிகரணத்தில், திடீரென்று மாண்டவனுடைய உடலைப் பரிசோதிக்கும் முறைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. ‘ஆசுமிருதக பரீட்சை’ என்று அதற்குப் பெயர். உடலில் எண்ணெய் பூசிப் பார்க்க வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்டதா, நீரில் அமிழ்த்தப்பட்டதா, விஷம் கொடுக்கப்பட்டதா என்பதற்கு உரிய குறிகளைத் தனித்தனியே தேட வேண்டும். வயிற்றில் எஞ்சிய உணவைப் பறவைகளைக் கொண்டும் நெருப்பைக் கொண்டும் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் விதித்துவிட்டு, அதோடு நில்லாமல், இறந்தவனிடம் யாருக்குப் பகை இருந்தது, யாருக்கு இலாபம் இருந்தது என்றும் விசாரிக்கச் சொல்கிறது. உடல் சொல்வதையும் ஊர் சொல்வதையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததுதான் அந்த நூலின் விவேகம். பின்னால் வந்த முறைகளில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன; உடல் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, ஊர்ப்பேச்சு பத்திரிகைக்குப் போயிற்று.

தமிழ்த் தர்க்க மரபில் உண்மையை அறியும் கருவிகளை அளவை என்பார்கள். மணிமேகலை அவற்றைப் பத்தாக விரிக்கும். சைவ சாத்திரம் காட்சி, கருதல், உரை என்று மூன்றில் அடக்கும். கண்ணால் கண்டது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்வது உரை. திடீர் மரணங்களைப் பற்றிய நூற்றாண்டுக் கால வாதங்களைப் படித்துப் பார்த்தால், கட்சிகள் எத்தனையானாலும், சச்சரவு இம்மூன்றில் எதற்கு முதலிடம் என்பதில்தான் என்று தோன்றுகிறது.

நாகபுரி, 2014 டிசம்பர்

மும்பையில் சி.பி.ஐ. சிறப்பு நீதிபதியாக இருந்த பி. எச். லோயா, சக நீதிபதி ஒருவர் இல்லத்துத் திருமணத்துக்காக நாகபுரிக்குச் சென்று, அரசு விருந்தினர் விடுதியான ரவி பவனில் உடன் வந்த நீதிபதிகளோடு தங்கியிருந்தபோது, 2014ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி கண்டு இறந்தார். அவருக்கு வயது 48. அப்போது அவர் விசாரித்து வந்தது சொராபுதீன் ஷேக் ‘என்கவுன்ட்டர்’ வழக்கு. குஜராத்திலிருந்து மும்பைக்கு அதை மாற்றிய உச்ச நீதிமன்றம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தும், லோயாவுக்கு முன் இருந்தவர் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மாற்றப்பட்டுவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவராயிருந்த அமித் ஷா அப்போது பாரதிய ஜனதா கட்சியின் தலைவர். லோயாவுக்குப் பின் வந்த நீதிபதி அவரை டிசம்பர் 30ஆம் நாள் வழக்கிலிருந்து விடுவித்தார்.

இவ்விவரங்கள் அனைத்தும் பதிவில் உள்ளவை. ஆயினும் மூன்றாண்டு காலம் எவரும் உரக்கப் பேசவில்லை. 2017 நவம்பரில் ‘கேரவன்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகை, இறந்தவரின் சகோதரி முதலான உறவினர் எழுப்பிய ஐயங்களை வெளியிட்ட பிறகே விஷயம் தேசப் பிரசித்தமாயிற்று. சட்டைக் காலரில் இரத்தக் கறை இருந்தது என்றார்கள். குடும்பத்துக்குச் சொல்லாமலே பிரேதப் பரிசோதனை நடந்தது என்றார்கள். முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கப்பட்டதா இல்லையா என்பதே தகராறாயிற்று. பிறகு பத்திரிகையில் வெளியான இ.சி.ஜி. தாளில் டிசம்பர் 1 என்பதற்குப் பதில் நவம்பர் 30 என்று அச்சாகியிருந்தது. இயந்திரத்தின் தேதிக் கோளாறு என்று மருத்துவமனைத் தரப்பில் சமாதானம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். மருத்துவமனை இயந்திரங்களில் தேதியைச் சரிபார்த்து வைப்பவர்கள் சொற்பம் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு நாள் பிசகியதை மூன்றாண்டு கழித்து விளக்க வேண்டி வந்ததுதான் சங்கடம்.

மகாராஷ்டிர அரசு தன் உளவுத்துறை ஆணையரைக் கொண்டு ‘இரகசிய விசாரணை’ நடத்தி ஐந்தே நாளில் அறிக்கை பெற்றது. அதில், லோயாவோடு இருந்த நான்கு நீதித்துறை அதிகாரிகள், மரணம் இயற்கையானதே என்று எழுத்து மூலம் சொல்லியிருந்தார்கள். 2018 ஜனவரி 12ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நால்வர், வழக்குகள் ஒதுக்கப்படும் முறையைக் குறித்துப் பத்திரிகையாளரைச் சந்தித்தபோது, லோயாவின் மரணத்தை விசாரிக்கக் கோரிய மனுக்களின் பேச்சும் அங்கே அடிபட்டது. இரண்டு நாள் கழித்து லோயாவின் குமாரர், குடும்பத்தாருக்குச் சந்தேகம் ஏதும் இல்லை என்று அறிவித்தார். ஏப்ரல் 19ஆம் நாள், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, ஏ. எம். கான்வில்கர், டி. ஒய். சந்திரசூட் ஆகியோர் அடங்கிய அமர்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பின் அஸ்திவாரம் உரையளவையே. நான்கு நீதித்துறை அதிகாரிகளின் கூற்றில் உண்மையின் தொனி இருக்கிறது, அவர்களைச் சந்தேகிக்க முகாந்தரமில்லை என்று நீதிமன்றம் கொண்டது. மனுக்களில் நீதித்துறையின் சுதந்திரத்தின் மீதான தாக்குதலைக் கண்டது. இதற்குச் சாதகமாகச் சொல்லத்தக்கது நிரம்ப உண்டு. இருதயத்தின் இரத்த நாளக் கோளாறே காரணமென்று பிரேதப் பரிசோதனை சொன்னது. உள்ளுறுப்புகளின் இரசாயனப் பரிசோதனையில் விஷம் காணப்படவில்லை. உடனிருந்த நால்வரும் பொய் சொல்ல வேண்டுமானால் சதி எத்தனை பெரிதாயிருக்க வேண்டும் என்ற கேள்வியையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்நால்வரின் வாக்குமூலம் பிரமாணம் செய்து கொடுக்கப்பட்டதல்ல; குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதுமல்ல. சாதாரணக் கொலை வழக்கில், கண்ணால் கண்டவன் எவ்வளவு யோக்கியனானாலும் கூண்டில் ஏறி எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று வற்புறுத்தும் நீதிமன்றம், தன் வர்க்கத்தவரின் சொல்லைத் தாளில் இருந்தபடியே ஏற்றுக்கொண்டது நியாயமா என்று சட்ட அறிஞர் பலர் கேட்டனர். மனுதாரர்கள் கேட்டது தண்டனையன்று, விசாரணையே என்பதும் அவர்கள் வாதம். மறுபரிசீலனை மனுவும் அவ்வாண்டு ஜூலையில் தள்ளுபடியாயிற்று. டிசம்பரில் சொராபுதீன் வழக்கில் எஞ்சியிருந்த 22 பேரும் விடுதலையானார்கள். சட்டப்படி விஷயம் முடிந்தது. சந்தேகப்பட்டவர்களில் எத்தனை பேர் அதனால் மனம் மாறினார்கள் என்பது வேறு சங்கதி.

மாரடைப்பு என்னும் சொல்

வைத்திய சாஸ்திரத்தின் கட்சி நிதானமானது. உலகத்தில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்கிறது; இந்தியருக்கு இந்நோய் மேல்நாட்டாரைவிடச் சுமார் பத்தாண்டு முந்தியே வருகிறது; முன்பு ஒருநாளும் நெஞ்சுவலி என்று சொல்லாதவனும், குறி தோன்றிய ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம். ஆகவே நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் விடியற்காலையில் மாண்டார் என்பது மாத்திரம் வியப்புக்கு இடமன்று.

இதை ஒப்புக்கொள்வதில் ஒரு நிபந்தனை உண்டு: அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். ‘மாரடைப்பு’ என்ற சொல், பார்த்துத் தெரிந்துகொண்ட முடிவாகவும் வழங்குகிறது. பாராமல் எழுதிவிட்ட வழக்கமாகவும் வழங்குகிறது. 1966 ஜனவரி 11ஆம் நாள் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தபோது பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த மரணத்தைப் பற்றிப் புத்தகங்களும் சினிமாவும் வந்துகொண்டிருப்பதற்கு அந்த ஒரு விடுபாடே போதுமானதாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி அன்டனின் ஸ்காலியா, 2016 பிப்ரவரி 13ஆம் நாள் டெக்ஸஸ் மாநிலத்துப் பண்ணை விடுதி ஒன்றில் படுக்கையில் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 79. நோய்கள் பல இருந்தன என்று அவருடைய மருத்துவரே சொன்னார். ஆனால் அவ்வூர் அதிகாரி உடலை நேரில் பாராமல் தொலைபேசியிலேயே மரணத்தை உறுதி செய்தார். அந்த மாநிலத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. குடும்பத்தார் பிரேதப் பரிசோதனை வேண்டாமென்றார்கள். விடுதிக்காரர் தலையணை தலைமேல் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கட்டில் பலகைக்கும் தலைக்கும் இடையில் இருந்தது என்று பின்னர் விளக்கினார். விளக்கம் வருமுன் தலையணை உலகம் சுற்றிவிட்டது. எல்லாக் குறிகளும் இயற்கை மரணத்தையே காட்டிய ஒரு கிழவரின் சாவில், செய்யாமல் விட்ட ஒரு பரிசோதனை எவ்வளவு பெரிய இடைவெளியைத் திறந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறானது தன்பாதில் நிகழ்ந்தது. 2021 ஜூலை 28ஆம் நாள் காலையில் நடைப்பயிற்சி சென்ற கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த், ஆட்டோ மோதி இறந்தார். சாதாரண விபத்தென்று போயிருக்கக்கூடிய காரியம்; ஆனால் காலியாகக் கிடந்த சாலையில் ஆட்டோ ஒதுங்கி வந்து அவரை இடித்துவிட்டுப் போவது கண்காணிப்புக் காமிராவில் பதிவாகியிருந்தது. விசாரணை சி.பி.ஐ.யிடம் சென்று, சரியாக ஓராண்டில் இருவர் கொலைக் குற்றவாளிகளென்று தீர்ப்பாயிற்று. காட்சி இருந்ததனால் அங்கே கருதலுக்கு வேலை குறைந்தது. ஏவியவர் உண்டா என்ற கேள்விக்கோ காமிராவால் பதில் சொல்ல இயலவில்லை.

காட்டேரிப் பள்ளத்தாக்கில் மூடுபனி

காட்சி இருந்தால் சந்தேகம் இராது என்று முடிவு கட்டுமுன் நீலகிரிக்கு வர வேண்டும். 2021 டிசம்பர் 8ஆம் நாள், முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி உள்ளிட்ட 14 பேரை ஏற்றிக்கொண்டு, வெல்லிங்டன் இராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்வதற்காகச் சூலூரிலிருந்து பகல் 11.48க்குக் கிளம்பிய எம்.ஐ.-17வி5 ஹெலிகாப்டர், 12.15க்கு இறங்க வேண்டியது, 12.08 அளவில் தொடர்பு அறுந்தது. காட்டேரிக்கு அருகே, நஞ்சப்பசத்திரத்து வீடுகளுக்குச் சற்றுத் தூரத்தில், மரங்களில் மோதி எரிந்து விழுந்தது. ஊரார் குடங்களில் தண்ணீரும், வீட்டிலிருந்த கம்பளிகளும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பதின்மூவர் அன்றே இறந்தனர். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் 15ஆம் நாள் பெங்களூரில் காலமானார்.

இந்த நிகழ்ச்சிக்குக் காட்சி உண்டு. மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த சில விநாடிப் படத்தில், ஹெலிகாப்டர் தாழப் பறந்து வெள்ளைப் பனிக்குள் நுழைந்து மறைகிறது. உடனே சத்தம் மாறுகிறது. நடந்து போனவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவே. காண வேண்டிய கணத்தில் பனி மூடிக்கொண்டது. டிசம்பரில் குன்னூர்ச் சரிவை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. மலையின் கிழக்கு முகம் வடகிழக்குப் பருவக் காற்றுக்கு எதிரே நிற்பது. சமவெளியின் ஈரம் பள்ளத்தாக்குகளின் வழியே மேலேறிக் குளிர்ந்து மேகமாகும். தேயிலைச் சரிவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு மாத்திரம் தெரியும்.

மேல் குன்னூர் காவல் நிலையத்தில் சந்தேக மரணமென்று வழக்குப் பதிவாயிற்று. படம் எடுத்த கைப்பேசி தடயவியல் ஆய்வுக்குப் போயிற்று. கறுப்புப் பெட்டி மறுநாளே கிடைத்தது. ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. செய்ய வேண்டியவை விரைவாகவே செய்யப்பட்டன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரி 14ஆம் நாள் வெளியான முடிவு, இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் விலக்கிற்று; பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்து, விமானிக்கு இட உணர்வு தடுமாறி, கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிலத்தில் மோதிற்று என்றது. பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை, காரணத்தை ‘மனிதப் பிழை’ என்று விமானக் குழுவின் கணக்கில் எழுதிற்று. இவ்விரண்டும் முரண்பட்டவை என்று சொல்வதற்கில்லை. அலட்சியம் வேறு, பிழை வேறு. ஆனால் முழு விசாரணை அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வராமல், சுருக்கம் மாத்திரம் வந்திருக்கும்போது, மூன்றாண்டு இடைவெளியில் வெளியான இரு சொற்றொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏதோ மறைக்கப்பட்டதாக வாசிப்பவர்களைத் தடுப்பது எளிதன்று. இராணுவ இரகசியத்தை முன்னிட்டு அறிக்கையை மறைப்பதற்கு நியாயம் இருக்கலாம்; அந்த நியாயத்துக்கு உரிய விலையையும் சர்க்காரே கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தடுத்து நேர்ந்தால்

கொடநாட்டில் உரையும் குறைவு, காட்சியும் குறைவு. அங்கே கருதலே தலைமை தாங்குகிறது. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குரிய கொடநாடு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில், அவர் இறந்து ஐந்து மாதம் ஆகுமுன், 2017 ஏப்ரலில் காவலாளி ஒருவர் கொல்லப்பட்டுக் கொள்ளை நடந்தது. சில தினங்களில், குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னாள் ஓட்டுநர் ஆத்தூர் அருகே சாலை விபத்தில் இறந்தார். மறுநாளே பாலக்காட்டுப் பக்கம் இன்னொருவரின் கார் மோதி, அவர் பிழைக்க, மனைவியும் மகளும் மாண்டனர். ஜூலையில் தோட்டத்துக் கணினிப் பணியாளர் வீட்டில் இறந்து கிடந்தார். தனித்தனியே எடுத்தால் இரண்டு விபத்து, ஒரு தற்கொலை என்பதே போலீஸாரின் முதல் முடிவு. சேர்த்து எடுத்தால் எப்படி என்பதே சந்தேகத்தின் தர்க்கம். அடுத்தடுத்து நிகழ்ந்தது என்பதனாலேயே ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்று ஆகாது. தர்க்க நூல்கள் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைச் சொல்லி இதை எச்சரிக்கும். எனினும் நான்கு பழம் விழுந்த பிறகும் காக்கையைப் பாராதே என்பது தர்க்கமாகாது. 2021இல் மேல்விசாரணை தொடங்கி, மறு ஆண்டு சி.பி.சி.ஐ.டி.யிடம் மாறி, உதகை நீதிமன்றத்தில் வாய்தாமேல் வாய்தாவாக வழக்கு நகர்ந்திருக்கிறது.

கமிஷன்களின் விடை

காலங்கடந்த விசாரணைக்கு நம் தேசம் கண்ட மார்க்கம் கமிஷன். சுபாஷ் சந்திர போஸின் மரணத்துக்கு மூன்று. ஷா நவாஸ் கானும் கோஸ்லாவும் விமான விபத்தை ஏற்றார்கள். 2005இல் முகர்ஜி கமிஷன் மறுத்தது. சர்க்கார் அந்த மறுப்பை மறுத்தது. ஜெயலலிதாவின் மரணத்தை விசாரிக்க 2017 செப்டம்பரில் மூன்று மாத அவகாசத்தோடு அமைந்த ஆறுமுகசாமி ஆணையம் 2022 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. சிகிச்சையில் தவறில்லை என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு சொல்லியிருக்க, ஆணையம் சிலர்மீது விசாரணை கோரிற்று. இரு கட்சியாரும் தமக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்துக்கொண்டார்கள். இதற்குமேல் கமிஷன்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கையில், சந்தேகத்தைக் கல்லாமையின் குணமென்று தள்ளுகிறவர்களின் கட்சியும், சந்தேகத்தையே சாட்சியமாக ஏற்கிறவர்களின் கட்சியும் ஒருங்கே தளர்ந்துபோகின்றன. பெரிய மனிதர் சாவுக்குப் பெரிய காரணம் தேடும் மனோபாவம் மனிதர்க்கு இயல்பு என்று மனோதத்துவ நிபுணர் சொல்வது மெய்யே. ஆனால் தன்பாதில் அந்த மனோபாவமே சரியாக இருந்துவிட்டது. லோயாவின் மரணம் கொலையென்று காட்டும் ஆதாரம் எதுவும் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படவில்லை. இயற்கை மரணமென்று சொன்னவர்கள் குறுக்கு விசாரணைக்கு உட்படவுமில்லை. இவ்விரு வாக்கியங்களும் ஒருங்கே உண்மையாக இருப்பதால்தான் அவ்விஷயம் ஓயவில்லை.

முதல் சில மணி நேரத்தில் எழுதப்படும் குறிப்பே பிற்காலத்து எல்லா விசாரணைக்கும் மூலதனம் என்பதில் கட்சிபேதம் அதிகம் இல்லை. அதை எழுத வேண்டியவர் யார் என்பதில்தான் பேதம். குடும்பத்தாரின் சம்மதம் எதுவரை செல்லும், நீதிபதியின் வாக்குமூலத்துக்கு மற்றவர் வாக்குமூலத்தைவிடக் கூடுதல் எடை உண்டா, இரகசிய அறிக்கையின் சுருக்கம் அறிக்கைக்கு ஈடாகுமா என்பவற்றுக்குப் பொது ஒப்புதல் பெற்ற விடை இன்னும் ஏற்படவில்லை.

சட்டம் இப்போது நிற்கும் நிலை இது: போலீஸ் காவலில் ஒரு கைதி இறந்தால், நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டியது கட்டாயம், 2006 முதல் அவ்வாறே இருந்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அந்தக் கைதியின் வழக்கை விசாரித்துக்கொண்டிருக்கும் நீதிபதி விருந்தினர் விடுதியில் இறந்தால், கட்டாயமில்லை.